பத்தொன்பது காசுகளும் கால் கிலோ புளியும்

1987 மே மாதம். ராஜபாளையத்தில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு முடித்திருந்த என்னை ஆறு வாரப் பயிற்சிக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்திய இடம் அது. நான்கு அறை, ஒரு காப்பாளர், ஒரு உதவியாளர். அந்த நான்கு அறைகளும் கிருபாபாய் என்ற என் வருகைக்காகத்தான் இத்தனை நூற்றாண்டுகள் காத்துக் கிடந்தன என்று நம்பித்தான் பஸ் ஏறினேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் ஒரு பூதக்கண்ணாடி. எங்கள் மளிகைக் கடையில் அப்பா துவரம்பருப்பில் வண்டு பார்க்க வைத்திருந்தது அது.

முதல் வாரம் முழுக்க அட்டை எழுதும் வேலை. 'அம்மிக்கல், உடைந்தது.' 'குழவி, பாதி.' 'உரல், உடைந்தது.' நாற்பத்திரண்டு அட்டை எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான் படிப்பது வரலாறா, பாத்திரக் கடைப் பட்டியலா என்று.

உதவியாளர் மொக்கைச்சாமி வன்னியம்பட்டிக்காரர். வயது முப்பத்தெட்டு இருக்கும். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு இங்கே வந்தவர். பெருக்குவது, பூட்டுவது, பாங்குக்குப் போவது, டீ வாங்குவது எல்லாம் அவர்தான். பதினோரு வருடமாகத் தற்காலிகம். அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்க அறக்கட்டளை முடிவு செய்திருந்தது. சனிக்கிழமை கூட்டத்தில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மொக்கைச்சாமி சீருடைக்குக் காக்கித் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார். அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று என்னிடம், "ரெண்டு பாக்கெட்டு வைக்கச் சொல்லிருக்கேன் பாப்பா" என்றார்.

வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவர்தான். எனக்கு அவர் முறை பிடிக்கவில்லை. "இந்தத் தாழி சீனிச்சாமி தோட்டத்துல கிணறு வெட்டையில கெடைச்சது. கடப்பாரை பட்டு வாய் ஒடஞ்சிருச்சு. அவிய மகன் உள்ள கெடந்த எலும்பப் பாத்து மூணு நாளு சோறு திங்கல" என்பார். நான் குறுக்கே புகுந்து, "எந்தக் காலத்துத் தாழின்னு சொல்லணும் அண்ணாச்சி" என்று திருத்துவேன். ஒருநாள் கோடை முகாம் பிள்ளைகள் அவர் சொன்னதை வாய் பிளந்து கேட்டன. நான் காலத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அத்தனையும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டன. பிள்ளைகளுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

இரண்டாம் வாரம் காப்பாளர் ஆவுடையப்பன் மூன்று நாள் சென்னைக்குப் போனார். பிளவக்கல் பக்கம் வாய்க்கால் தோண்டும்போது கிடைத்த பத்தொன்பது செப்புக்காசுகள் ஒரு தட்டில் இருந்தன. மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து அவற்றைப் படித்துப் பார்ப்பதாக இருந்தது. எல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பேறிக் கிடந்தன. எனக்கு மானம் போயிற்று. பெரிய மனிதர் வரும்போது இப்படியா வைப்பது? எங்கள் கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை நான்தான் துலக்குவேன். ஆயர் பிரசங்கத்திலேயே என் கைவேலையைச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட கை சும்மா இருக்குமா?

கடையிலிருந்து கால் கிலோ புளி, ஒரு பிடி கல்லுப்பு, தேங்காய்நார். செவ்வாய்க்கிழமை மொக்கைச்சாமி பாங்குக்குப் போன நேரத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். பதினெட்டு காசு பளபளவென்று ஆகிவிட்டது. ஒன்று மட்டும் மசியவில்லை. அதை டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். அருங்காட்சியகப் பொருளை வெளியே எடுத்துப் போவதற்கு என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

புதன் காலை ஆவுடையப்பன் வந்தார். தட்டைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"களிம்புலதானய்யா எழுத்து இருந்துச்சு! உள்ள செம்பு எப்பவோ அரிச்சுப் போச்சு. இப்ப மொழுமொழுன்னு வட்டமாத்தான் இருக்கு. எவன்லே இதத் தேச்சது?"

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசல் விளக்கைத் துலக்குகிற ஆள் யார்? மொக்கைச்சாமி. ஆகவே தேய்த்ததும் மொக்கைச்சாமி. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைவு. உடனே திருடனும் மொக்கைச்சாமி. "சனிக்கிழமைக்குள்ள அந்தக் காசு வந்தாகணும். வரலைன்னா ஆர்டரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நேரா போலீஸ்தான்" என்று கத்தினார். மொக்கைச்சாமி ஒன்றும் பேசாமல் நின்றார். நான் நாலடி தள்ளித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் பேசவில்லை என்றால், பயம். வேறு காரணம் எதையும் ஜோடிக்க முடியாது. பயிற்சிச் சான்றிதழ் இல்லையென்றால் அந்த ஆண்டு தேறியதாகக் கணக்கில்லை. பெண்பிள்ளையை ஏன் படிக்க வைக்கிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அப்பா அதற்குள் என்னைத் தொல்லியல் அதிகாரியாகவே ஆக்கி வைத்திருந்தார்.

வியாழன் அன்று ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். 'காசுகள் தூய்மை செய்யப்பட்டதில் சில விளைவுகள் ஏற்பட்டன' என்று தொடங்கி ஒரு பக்கம் போயிற்று. யார் செய்தது என்பது மட்டும் எங்கேயும் வரவில்லை. பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் தோற்றார்கள் போங்கள். அன்று மொக்கைச்சாமி தையல் கடைக்குப் போய்த் துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அதை அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காப்பாளர் முன்னால் போய், "சார், காசைத் தேச்சது நான்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் கனிந்துவிட்டது. "ஒனக்கு நல்ல மனசும்மா. அவன் பொழப்புக்காக நீ பழியேத்துக்கிற. படிச்ச புள்ள இந்தக் காரியம் செய்யுமா? போ, போயி அட்டைய எழுது."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், அதற்குப் பாராட்டு கிடைத்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து பத்தொன்பதாவது காசை எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று இரவு ஊறியதில் அது நேற்று அடித்ததைப் போல மின்னியது.

அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுத வேண்டாம். சான்றிதழ் இல்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்பது சாரம். மொக்கைச்சாமியைக் கூப்பிட்டார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்கு ஆர்டர் வாங்க வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா" என்று மட்டும் சொல்லி, டீ வாங்கி வரச் சொன்னார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மொக்கைச்சாமி வாசலில் டீத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, குற்றத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்கப் பார்த்தேன்.

"நீங்க ஏன் அண்ணாச்சி அன்னைக்கு நான் இல்லைன்னு சொல்லாம இருந்தீங்க? பேசாம நின்னதாலதான அவரு அம்புட்டு ஏசினாரு?"

அவர் தூக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"நானா பேசாம நின்னேன்? 'நான் இல்ல சார், பாங்குக்குப் போயிருந்தேன், அந்தப் பாப்பாகிட்ட கேளுங்க'ன்னு அவருகிட்ட ரெண்டு வாட்டி சொன்னேனே. ஒன்னயப் பாத்துக் கையக்கூட நீட்டுனேன். நீதான் தரையப் பாத்துக்கிட்டு நின்ன."

தூக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நான் அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தார். இரண்டு தடவை.