திங்கட்கிழமை வீடு

பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது திவ்யாவின் அம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"டீச்சர், ஜப்பான் வீடு, பனி வீடு, எத வேணா அவ செய்யட்டும். எங்க வீட்ட மட்டும் செஞ்சி நாலு பேரு பாக்குற எடத்துல வெக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கெஞ்சலாகச் சொன்னார். இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் வீட்டுப் பிரியாணியிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரியாணிக் கேள்வி

மூலக்குளம் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்கு. உலக மக்களின் உணவு, உடை, உறைவிடம் என்ற பாடம் ஆண்டுதோறும் வரும். கடையில் வாங்கிய சார்ட் ஒன்றைச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி நடத்துவோம். ஒரு நாள் கார்த்திக் என்ற பையன் எழுந்து, "மிஸ், உங்க வீட்ல டெய்லி பிரியாணியா?" என்று கேட்டான்.

முஸ்லிம் வீடென்றால் தினமும் பிரியாணி என்ற நினைப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் இட்லி, மிஞ்சிய இட்லி சாயங்காலம் உப்புமா, மாவு புளித்துவிட்டால் மறுநாள் தோசை என்று ஒப்பித்தேன். வகுப்பே ஏமாந்து போனது. கார்த்திக் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

பிறகு திரும்பி அந்த சார்ட்டைப் பார்த்தேன். ஹாலந்துக்காரர் மரச்செருப்பில் நிற்கிறார். ஜப்பான் பெண் விசிறியோடு நிற்கிறாள். அரபுக்காரர் ஒட்டகத்தைப் பிடித்திருக்கிறார். எல்லோரும் பெருநாள் உடுப்பில் இருக்கிறார்கள். என்னை மட்டும் தினமும் பிரியாணி தின்கிறவளாக ஆக்கக் கூடாது, அவர்களை ஆக்கலாமா? அன்றே சார்ட்டைக் கழற்றினேன். இனி எந்த நாடாக இருந்தாலும் மூன்றே கேள்வி. திங்கட்கிழமை காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? என்ன உடுத்திக்கொண்டு வெளியே போனீர்கள்? நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்? இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. தற்பெருமைதான். பணிக்காலம் முழுக்க சாக்பீஸ் தூள் தின்றவளுக்கு இதுகூட ஆகாதா?

பாரிஸில் ஜுரம்

புதுச்சேரியில் வெளிநாட்டுச் சொந்தத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் வீட்டு போனிலிருந்து கேள்விகளை அனுப்பினார்கள், பதில் வாட்ஸப்பில் வந்தது. ஒரு பிள்ளையின் பெரியப்பா பாரிஸில் இருந்தார். திங்கட்கிழமை காலை ரொட்டி, வெண்ணெய், காபி. அதையும் நின்றபடியே விழுங்கிவிட்டு ரயிலுக்கு ஓட்டம் என்று குரல் பதிவு அனுப்பினார். கேட்டு முடித்ததும் பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"பாவம் மிஸ். அங்க எல்லாருக்கும் ஜுரமா?"

நம் வீடுகளில் ரொட்டி வருவது ஜுரத்தோடுதானே. ஆனால் வகுப்பில் இரண்டு பேர் வீட்டில் தினமும் காலையில் நீள ரொட்டி வாங்குவார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே தின்போம் என்று அவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பீரியட் முழுக்க அது ஓடியது. நான் நிறுத்தவில்லை.

ஜப்பானுக்கு என் பழைய மாணவன் சரவணன் கிடைத்தான். அங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தன் அறையை வீடியோ எடுத்து அனுப்பினான். ஒரே அறை. காலையில் மெத்தையை மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைக்கிறான். அதே இடத்தில் குட்டி மேசையைப் போட்டுச் சாப்பிடுகிறான். ராத்திரி மேசை ஓரமாகப் போகிறது, மெத்தை வெளியே வருகிறது. வகுப்பே கைதட்டியது.

திவ்யா மட்டும் தட்டவில்லை. மணி அடித்த பிறகு என்னிடம் வந்து, அந்த அறையில் ஈரத்துணியை எங்கே காயப் போடுவார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சரவணனிடம் கேட்டோம். மழை நாளில் திரைச்சீலைக் கம்பியில்தான் என்று படம் அனுப்பினான். அன்றிலிருந்து ஜப்பான் வீடு திவ்யாவுடையது. அவள் அம்மா கம்பெனியில் கழித்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் ஜவுளிக்கடைத் துண்டுத்துணியில், அவள் கேட்டபடி ஐந்து குட்டி மெத்தை நான் தைத்துக் கொடுத்தேன்.

கடைசி மேசை

கண்காட்சியில் நாட்டுக்கு ஒரு மேசை, கடைசி மேசை எங்கள் ஊருக்கு. எங்கள் திங்கட்கிழமையையும் வைக்க வேண்டாமா? உணவு, உடை, வீடு என்று சீட்டுக் குலுக்கினோம். வீடு திவ்யாவுக்கு விழுந்தது. மறுநாள்தான் அவள் அம்மா வாசலில் வந்து நின்றார்.

அவர்களுக்கு ஒரே அறை, ஷீட் கூரை, ஐந்து பேர். அதே தெருவில் கார்த்திக் வீடு, மாடி வைத்தது. அவன் அப்பாவுக்கு பெயின்ட் கடை. நாலு பேர் என்று திவ்யாவின் அம்மா சொன்னதில் முதல் ஆள் அவர்தான் என்று எனக்குப் புரிந்தது.

ஹெச்.எம்.முக்கு நிம்மதி. கண்ணுக்கு லட்சணமாகத் தூண் வைத்த ஓட்டு வீடு ஒன்றை வைத்துவிடலாம் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு எத்தனை சண்டை வேண்டுமானாலும் போடுவேன். அந்த அம்மாவோடு முடியாது. அடுத்தவர் வீட்டைத் திறந்து காட்டச் சொல்ல நான் யார்? வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திவ்யாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அப்ப எங்க வீடு ஊருக்குக் காட்டக் கூடாத வீடா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கே அது போதவில்லை.

கண்காட்சி

ஹெச்.எம். ஆசைப்படி கடைசி மேசையில் வைத்த தூண் வீட்டின் முன்னால் யாரும் நிற்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் எதுவும் இல்லை. அவர்களில் யாரும் அப்படி ஒரு வீட்டில் இருந்ததில்லை.

கூட்டம் ஜப்பான் மேசையில் நின்றது. திவ்யாவின் அம்மா தாமதமாக வந்து கதவருகிலேயே நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து கார்த்திக்கின் அப்பா அட்டை வீட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"இத்துனூண்டு ரூம்ல ஒரு குடும்பமே எப்டிம்மா இருக்கும்?"

திவ்யா நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல எழுந்திரிக்கிறவங்க கதவோரம் படுக்கணும் அங்கிள். இல்லன்னா எல்லாரையும் தாண்டிப் போவணும். அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி கொடித்துணிய எடுத்துடணும், இல்லன்னா தாளிச்ச வாசன ஏறிடும். யாருக்காச்சும் கோவம் வந்தா வாசப்படில போயி உக்காந்துக்கணும். உள்ள அதுக்கு எடம் கெடையாது."

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பில்லை, அசந்துபோன சிரிப்பு. ஜப்பான்காரர்கள் இதையெல்லாமா எழுதி அனுப்பினார்கள் என்று கேட்டார்.

பொய் சொல்ல திவ்யாவுக்கு மனமில்லை, உண்மையைச் சொல்ல அம்மாவின் அனுமதியில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஜப்பான்ல இருந்து வரலைங்க. அவ சொன்னதெல்லாம் எங்க வீட்டு நடப்பு."

சொல்லிவிட்டுக் குனிந்து, அட்டை வீட்டுக்குள் கையை விட்டு, ஒரு மெத்தையை நகர்த்தினார். "சின்னவன் செவுத்தோரம்தான் படுப்பான் டீச்சர். தூக்கத்துல உருளுவான்" என்றார். கார்த்திக்கின் அப்பா, அப்படியென்றால் கொடி எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்று பேரும் அந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெருமை தாங்கவில்லை.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டும்போது திருவிழாவைக் காட்டாதீர்கள், திங்கட்கிழமையைக் கேளுங்கள். ஆனால் எந்த வீட்டுக் கதவையும் நீங்களாகத் திறக்காதீர்கள். அவர்களே திறப்பார்கள். அதுவரை வாசலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் அட்டை வீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தெரு வழியாகத்தான் போக வேண்டும். மூடி எடுத்துப் போகட்டும் என்று பெரிய ஜவுளிப்பை ஒன்றை நீட்டினேன்.

"வேணாம் டீச்சர்," என்றார் அந்த அம்மா. "பாக்கட்டும்."