பக்கம் அறுபத்தொன்று, கணக்கு பதினான்கு

பள்ளி இறுதி வகுப்புக் கணக்குக் கைடு எழுதுகிற அம்மாள் அதே கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டவர் என்று ஒரு பேச்சு. டீக்கடையில் இதைச் சொன்னவர், மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தவர் மாதிரி சொன்னார். விசாரித்தால் சுத்தப் பொய். அம்மாள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவர். அந்த இரண்டும் கையெழுத்துக்காகப் போனவை. ஃபெயிலாகியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது என்பதுதான் விசாரணையில் தெரிந்த இன்னொரு விஷயம்.

அச்சகத்தில் அவருக்கு ஸ்டெப்பக்கா என்று பெயர். கைடின் அட்டையில் 'அனுபவமிக்க பேராசிரியர் குழு' என்று போட்டிருக்கும். குழுவில் ஆள் ஒருவர்தான். பேப்பர் கட்டுகளுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு கால் ஆடுகிற மேசையில், அந்தக் குழு உட்கார்ந்திருக்கும். ஆடுகிற காலுக்கு அடியில் போன வருடக் கைடு. அதற்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது என்பது ஸ்டெப்பக்காவின் கருத்து.

வேலை இதுதான். பாடப்புத்தகத்தில் பயிற்சிக் கணக்குகள் இருக்கும். கடைசிப் பக்கங்களில் விடை மட்டும் இருக்கும். நடுவில் இருக்கிற படிகளை, அதாவது ஸ்டெப்புகளை, அக்கா எழுத வேண்டும். மடக்கை, வகையீடு, தொகையீடு எதுவானாலும் முதலில் பென்சில், பிறகு மை. வருடக்கணக்கில் செய்ததில் ஒரு குறுக்கு வழி படிந்துவிட்டது. முதலில் விடையைப் பார்ப்பார். அங்கிருந்து பின்னால் நடந்து கேள்விக்கு வந்து சேர்வார். வீட்டிலிருந்து கிளம்பாமலே வீட்டுக்கு வழி சொல்கிற மாதிரி. நானூறு கணக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தன, பதினான்காம் கணக்கைத் தவிர.

x-இன் மடக்கையையும் x − 2-இன் மடக்கையையும் கூட்டினால் மூன்று வருகிறது, இரண்டுக்கும் அடிமானம் 2, x என்ன என்று கேள்வி. அக்கா போட்டார். x(x − 2) = 8. அதிலிருந்து x நான்கு, அல்லது மைனஸ் இரண்டு. குறை எண்ணுக்கு மடக்கை கிடையாது, ஆகவே நான்கு மட்டும். பென்சிலில் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், விடை: 4, −2.

முதலாளியிடம் போனார். முதலாளி கணக்கைப் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"ரெண்டு இருக்கேம்மா."

"ரெண்டாவது தப்புங்க. புத்தகத்துல விட்டுட்டாங்க."

"புத்தகம் தப்பாவே இருக்கட்டும். அவங்க ரெண்டு போட்டு நாம ஒண்ணு போட்டா, பிள்ளைங்க யாரைத் தப்புனு சொல்லும்? நம்மளைத்தான். ஒண்ணு கூடுதலா இருந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அக்கா திரும்பி வந்து கடைசி வரியை அழித்தார். ரப்பர் துகளை ஊதிவிட்டு '4, −2' என்று மையில் எழுதினார். பெரிய மனப் போராட்டமெல்லாம் இல்லை. இன்னும் இருநூறு கணக்கு பாக்கி இருந்தது.

அடுத்த வருடப் பாடப்புத்தகத்தில் மைனஸ் இரண்டு சத்தமில்லாமல் காணாமல் போனது. கைடில் போகவில்லை. முதலாளி பழைய பக்கங்களையே அடித்து, அட்டையின் நிறத்தை மட்டும் மாற்றினார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது குழுவின் பெயருக்கு ஒரு உறை வந்தது. எங்கோ ஒரு ஊரிலிருந்து ஒரு மாணவி. "பக்கம் 61, கணக்கு 14. மைனஸ் இரண்டைக் கேள்வியில் போட்டுப் பார்த்தால் குறை எண்ணுக்கு மடக்கை எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுக்கலாமா? நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?" பதிலுக்குத் தன் முகவரியை எழுதித் தபால்தலை ஒட்டிய ஒரு அட்டையும் உள்ளே இருந்தது.

"பதில் கிதில் போட்டுடாதீங்க," என்றார் முதலாளி. "போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அட்டை மேசை இழுப்பறைக்குப் போனது. அதே வருடம் அதே பரீட்சை எழுத வீட்டில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அக்காவுக்கு அந்த நிமிடம் தோன்றவே இல்லை. இதை எந்த ஸ்டெப்பிலும் எழுதிக் காட்ட முடியாது.

அக்காவின் மகளுக்குக் கட்டடக் கலை படிக்க ஆசை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் இல்லை. அப்பா போன பிறகு வீட்டு நிலவரம் அவ்வளவுதான், மகளுக்கும் தெரியும். பாடப்புத்தகம் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய கிழிசல், கடைசிப் பக்கங்களே இல்லாதது. கைடு மட்டும் புத்தம் புதிது. அதை அவள் வரி விடாமல் மனப்பாடம் செய்தாள். தோழிகள் கேட்டால், "எங்கம்மா எழுதினது, கண்ணை மூடிட்டுப் படி," என்பாள்.

அக்கா அடுப்படியிலிருந்து இதைக் கேட்டு ஒருநாள் சிரித்தும் இருக்கிறார்.

பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது, எண்கூட மாறாமல். மகளுக்குச் சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்.

கல்லூரிப் பட்டியலில் இடம் ஒரு மதிப்பெண்ணில் போனது. எங்கேயாவது கூட்டலில் விட்டிருப்பார்கள் என்று விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டார்கள். கூட்டல் சரியாகவே இருந்தது. மடக்கைக் கணக்கின் கடைசி வரியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் 'ஏற்கத்தக்கதல்ல' என்று ஒரு வார்த்தை, கீழே மைனஸ் ஒன்று. திருத்தியவர் கையெழுத்து ரொம்ப அழகு.

"அவருக்குத்தாம்மா தெரியல," என்றாள் மகள். "நீ போட்டதைத்தானே போட்டிருக்கேன். மறுமதிப்பீடு கேட்போம்."

அக்கா நகலைக் கையில் வாங்கி அந்த வட்டத்தைப் பார்த்தார்.

"கேட்க வேண்டாம். அவர் போட்டது சரி."

"அப்போ உனக்குத் தப்பாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வாழ்நாள் முழுக்க ஸ்டெப் எழுதியவருக்கு ஒரு ஸ்டெப்பைத் தாண்ட வரவில்லை.

"இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

மகள் கத்தவில்லை. நகலைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தாள். "ஊருக்கு எதை வேணும்னாலும் போட்டுக்கோ. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"மறந்துட்டேன் கண்ணு."

அது உண்மை. சொல்லக்கூடிய பதில்களிலேயே மோசமானதும் அதுதான்.

மகள் இப்போது ஒரு துணிக்கடையில் ரசீது போடுகிறாள். வீட்டில் சண்டை இல்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், கதவைச் சாத்து, சாத்திட்டேன். எல்லாம் விடைகள்தான், நடுவில் ஒரு படிகூட இல்லை.

பக்கத்தைத் திருத்தச் சொல்லி அக்கா மறுபடி முதலாளியிடம் போனார். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா," என்றார் அவர். அடுத்த பதிப்பு வந்தது. அட்டை இப்போது பச்சை. அக்காவும் அதே மேசையில்தான் இருக்கிறார். விடையிலிருந்து பின்னால் நடப்பதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது.

விடைத்தாள் நகல் வந்த வாரமே அந்த மாணவியின் அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்து, 'நீ கேட்டது சரி. தப்பு உன்னுடையது அல்ல' என்று எழுதினார். பழக்கதோஷம், முதலில் பென்சிலில். மையில் எழுத உட்காரும்போதெல்லாம், அந்தப் பெண் பரீட்சையில் ஒரு விடை எழுதியிருப்பாளா, இரண்டு எழுதியிருப்பாளா என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. இதற்குள் தபால் கட்டணமும் ஏறிவிட்டது. அந்தப் பெண் ஒட்டி அனுப்பிய தபால்தலை இனிப் போதாது. மிச்சத்துக்கு அக்காதான் ஒட்ட வேண்டும். இன்னும் ஒட்டவில்லை.