அரண்மனைப் பாத்தியில் அம்மா கைவிட்டுப் பார்த்த கிழங்கு

பூண்டுத் தொக்கு டப்பாவைத் திறந்ததும் கிளம்பிய வாசனையில், பக்கத்துப் புல்வெளியில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்கார நாய் எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்தது. ஜெர்மனியில் ஒரு பழைய அரண்மனையின் தோட்டத்தில், ஒரு போர்வையும் ஒரு தூக்குவாளி எலுமிச்சைச் சோறுமாக நாங்கள் மூன்று பேரும் கழித்த அந்தப் பகல் எனக்கு அந்த நாயிலிருந்துதான் தொடங்குகிறது. "ராஜா இருந்திருந்தா கோட்டைக் கதவச் சாத்தச் சொல்லிருப்பாரு" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்க்காரர்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டுமே உருளைக்கிழங்கும் பூண்டும் போட்ட குடும்பங்கள். அப்பா ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் சமையல் வேலைக்குப் போக, அந்த மார்கழியில் அம்மாவும் நானும் பின்னால் போய்ச் சேர்ந்தோம். மன்னவனூரில் பிறந்த அம்மாவுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. மூன்றாம் மாடியில் நாலு சுவருக்குள் "கை சும்மா கெடக்கு" என்பதுதான் அவள் துக்கம். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கோடை வந்தபோது ஊருக்குப் போயே தீருவேன் என்று நின்றாள். அம்மா பிடித்தால் உடும்புப் பிடி. அப்பாவுக்கோ ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி. கடைசியில் அவளுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தார், அடுத்த வியாழக்கிழமைக்கு. அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் மூவரும் சேர்ந்து கழித்த கடைசி விடுமுறை நாள்தான் அது.

சாப்பிட்டுவிட்டு, எந்த அவசரமும் இல்லாதவர்கள் போல நடந்தோம். துணியில்லாத கற்சிலைகள் வந்தபோதெல்லாம் அப்பா என் முகத்தைப் பூச்செடிப் பக்கம் திருப்பிவிட்டார். அரண்மனைக்குப் பின்னால், அந்தக் காலத்தில் ராஜா வீட்டு அடுக்களைக்குக் காய் போட்ட தோட்டத்தை இன்றும் பயிர் வைத்துப் பார்வைக்கு விட்டிருந்தார்கள். அங்கே அம்மாவின் கால் நின்றுவிட்டது. பார் கட்டி, மண் அணைத்து, உருளைக்கிழங்குச் செடிகள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிழங்குக் காட்டைக் கடக்கிறவர்கள், அது யார் காடாக இருந்தாலும், ஒரு செடியின் தூரில் கையை விட்டு, வேர் அலுங்காமல் கிழங்கைத் தடவிப் பார்த்துவிட்டு மண்ணை மூடி, "நல்லா எறங்கிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொல்லாமல் போனால்தான் காட்டுக்காரருக்குக் கோபம் வரும். அம்மா எதையும் யோசிக்கவில்லை. கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, சேலையை இடுக்கிக்கொண்டு குந்தி, அரண்மனை மண்ணுக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.

"ஏய், என்ன சோலி இது! வெரசா எந்திரி!" என்று அப்பா அடிக்குரலில் அதட்டும்போதே, பச்சை மேலங்கி போட்ட தோட்டக்காரப் பெண்மணி வந்து நின்றுவிட்டார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா மட்டும் நிதானமாக ஒரு கிழங்கை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, அப்பா கையில் கொடுத்தாள். "தோலு இன்னும் முத்தலைங்க. பத்து நாள் கெடக்கட்டும்னு சொல்லுங்க. நானே வந்து பாக்குறேன்னும் சொல்லுங்க."

அப்பா கிழங்கைத் தேய்த்துப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அப்படியே சொன்னார். அந்தப் பெண்மணி கிழங்கை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்து, பத்து விரலையும் விரித்துக் காட்டித் தலையாட்டினார்.

திரும்பும் ரயிலில், "அப்ப வியாழக்கெழம?" என்று அப்பா மெல்லக் கேட்டார். "வாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்ல" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் வெள்ளனே அப்பா போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தார். அதன்பின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து ஆறு வருடம் அந்த ஊரில் இருந்தோம்; வாரம் ஒரு நாள் அம்மா அந்தத் தோட்டத்தில் களை எடுத்தாள். கடைசிவரை எங்கள் வாயில் சரியாக நுழையாத பெயர் கொண்ட அந்தப் பெண்மணிக்கு, அப்பாவோடு எனக்குக் கிடைத்த அந்த வருடங்களுக்காக, நான் இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது மன்னவனூரில் எங்கள் காட்டைச் சுற்றிப் பாதி நிலம் விடுதிகளாகிவிட்டது. அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. போன மாதம் கிழங்கு வெட்டும்போது, பத்து நாளில் அந்த அரண்மனைக் கிழங்கு முத்திவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அது அன்னைக்கே வெட்டுற பதந்தான். தேச்சா தோலு உரியவே இல்ல" என்றாள். "மண்ணுல கைய வச்சதும் மனசு மாறிப்போச்சு. போறேன் போறேன்னு அம்புட்டு ஆட்டம் ஆடிட்டு, எந்த மொகத்தோட இருக்கேன்னு சொல்ல?"

பாவம், அப்பா அதை நம்பிவிட்டாரே என்றேன்.

அம்மா கிழங்கு பொறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். "அவரும் கெழங்குக் காட்டுல பொறந்தவருதானடி. கையில வாங்கித் தேச்சுப் பாத்துட்டுத்தான சொன்னாரு."