கதவுக்காரரும் நாலு விழிப்பும்

இருபத்தாறு வருஷம் ஒரே தியேட்டரில் கதவு திறந்தவர், ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கடைசி இசை ஏறினால் எழுந்து, சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்குவார். காதுதான் அவருக்குக் கடிகாரம். எல்லாருக்கும் அவர் கதவுக்காரர்.

அந்தக் காதுக்குத்தான் வந்தது வினை. தன் தூக்கத்துக்குள்ளேயே தொலைந்துபோன விஞ்ஞானி வெளியே வர வழி தேடுகிற படம். திடுக்கென்று விழிப்பான், கடைசி இசை ஏறும், பார்த்தால் அதுவும் கனவு. முதல் நாள் முதல் விழிப்பிலேயே திறந்துவிட்டார். மேட்னி வெயில் திரையில் அடித்து விஞ்ஞானியின் முகமே அழிந்துபோனது. பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் இரண்டாவது விழிப்பில் திறந்தார். மூன்றாம் நாள் மூன்றாவதில்.

முதலாளி கூப்பிட்டார். "இன்னொரு தடவை வெயில உள்ள விட்டீங்க, அதே கதவு வழியா நீங்களும் போயிடலாம்."

மணி பார்த்துத் திறக்கவும் வழியில்லை. கேன்டீனில் கூட்டம் குறைகிறவரை அங்கே இடைவேளைதான். எது கடைசி விழிப்பு என்று படம் ஓட்டுகிறவரைக் கேட்டார்.

"எனக்கே புரியலண்ணே. பட்டனைத் தட்டிட்டுப் படுத்துடுவேன்."

வீட்டில் சோறு இறங்கவில்லை. தங்கையோடு போய்ப் படம் பார்த்து வந்த மனைவி சிரித்தாள்.

"இதுக்கா இந்த மூஞ்சி? மூணு தடவை எந்திரிக்கறப்பவும் அவன் கால்ல செருப்பு தானா வந்து மாட்டிக்குதுங்க. நாலாவது தடவை கட்டிலுக்கடியில குனிஞ்சு தேடுவான். அதான் நிஜம். செருப்பு தேடாம எந்த ஆம்பளை வெளிய கிளம்பியிருக்கான்?"

நாலாம் நாள் மேட்னி. கதவுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டூலைத் திருப்பிப் போட்டார். மூன்று விழிப்புக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நாலாவதில் விஞ்ஞானி குனிந்து கட்டிலுக்கடியில் துழாவினான். கதவுக்காரர் தன் செருப்பை உதறிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். வெயில் வந்தது. விளக்கும் எரிந்தது.

ஒருத்தரும் எழவில்லை.

"படம் முடிஞ்சுதுங்க! எந்திரிங்க!"

"படத்துல வந்த வாட்ச்மேனும் இதையேதான் சொன்னான்," என்றது பின் வரிசைக் குரல். "யாரும் ஏமாந்துடாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."

வெளியே அடுத்த காட்சிக் கூட்டம் கதவை முட்டியது. முதலாளியே இறங்கி வந்து வாசலில் நின்றார். கதவுக்காரர் அவரைப் பார்த்தார். சரி, வேலை போயிற்று, வீட்டுக்காவது போவோம் என்று செருப்பில் காலை விட்டார். ஒன்றுதான் இருந்தது. இருட்டில் உதறிய வேகத்தில் மற்றொன்று எங்கோ பறந்திருந்தது.

"எந்தச் சனியன் கிட்ட போய் விழுந்துது?" என்று முனகியபடி, டார்ச்சை அடித்துக்கொண்டு முதல் வரிசை நாற்காலிகளுக்கடியில் தவழ்ந்தார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "டேய், இந்தாளு செருப்பு தேடறாரு! அப்போ நிஜம்தான்!"

கொட்டகையே கைதட்டி எழுந்தது. இரண்டே நிமிஷத்தில் ஒரு நாற்காலி பாக்கியில்லாமல் காலி.

முதலாளி கிட்டே வந்தார். "கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க."

"அடுத்த ஷோவுக்கு மறுபடி தொலைச்சுடுங்க."

படம் ஓடியவரை கதவுக்காரர் தினமும் செருப்பைத் தேடினார்.