லைசென்ஸ்காரர் போன வீடு

வில்ஃப்ரட் ஆர்மரோடு எங்கே வேலை பார்க்கிறார் என்று ஹாரோடேலில் யாரைக் கேட்டாலும், அரசாங்க ஆபீஸில் ஏதோ எழுத்து வேலை என்பார்கள். அப்படித்தான் அவர் சொல்லி வைத்திருந்தார். வட இங்கிலாந்தில் மில் புகை மூடிய அந்தச் சின்ன ஊரில் அதற்கு மேல் யாரும் தோண்டிக் கேட்கவில்லை. அந்த நாட்டில் வீட்டில் டிவி பார்க்க வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். உண்மையில் அவருடைய வேலை, வீடு வீடாகக் கதவைத் தட்டி, லைசென்ஸ் வாங்காமல் டிவி பார்க்கிறவர்களைப் பிடிப்பது.

அதை ஏன் மறைக்க வேண்டும், திருட்டு வேலையா என்று கேட்கலாம். ஊர்க்காரர்களைக் கேட்டால் திருட்டு வேலையே தேவலை என்பார்கள். ஊர் பேண்டில் வில்ஃப்ரட் கார்னெட் என்கிற சின்னக் குழல் ஊதுகிறவர். ஒத்திகை முடிந்து கிளப்பில் பீர் கிளாஸோடு உட்கார்ந்தால் லைசென்ஸ்காரன் தலைதான் உருளும். தெருமுனையில் டிவி ஓடுகிற வீட்டை மோப்பம் பிடிக்கிற வேன் வந்து நின்றதும் எந்த வீட்டுக்காரி டிவியின் மேல் மேஜைவிரிப்பைப் போட்டு அதன் மேல் கிளிக்கூண்டை வைத்தாள், எவன் 'இது மீன் தொட்டி' என்று சாதித்தான் என்று ஆளாளுக்குக் கதை விடுவார்கள். வில்ஃப்ரட்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கே குமட்டும். மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வெளியூர்த் தெருக்களாகவே வாங்கிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அப்படியே தப்பித்தும் வந்தார், பாவம்.

அந்த வசந்த காலத்தில், ஹாரோடேல் பக்கம் பார்க்கிற ஆள் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் தெருக்கள் வில்ஃப்ரட் தலையில் விழுந்தன. ஆபீஸில் கொடுக்கிற அட்டையில் கதவு எண்ணும் தெருப்பெயரும்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. ஆற்றோரத் தெருவில் தனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று தைரியப்படுத்திக்கொண்டு, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு ஒரு கதவைத் தட்டினார்.

திறந்தது ஈனிட் டக்வொர்த். பேண்டில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெரிய குழல் ஊதிய கிளிஃபர்டின் மனைவி; வீடு இந்தத் தெருவில் என்று அவருக்குத் தெரியாது. கிளிஃபர்ட் செத்து இன்னும் மண் காயவில்லை. சவ அடக்கத்தில் வில்ஃப்ரட்டே ஊதியிருந்தார்.

ஈனிட் அவருடைய கோட்டையும் டையையும் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"நீதான் வருவேன்னு நெனச்சேன், வில்ஃப்ரட். உள்ள வாப்பா," என்றாள்.

பேண்டில் ஒருவர் இறந்தால் கிளப்பில் வசூல் டப்பா சுற்றி வரும். சில வாரம் கழித்து, பேண்டுக்காரர் ஒருவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, அதிகம் பேசாமல் அந்தப் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். அந்த ஊரில் சாதாரண நாளில் டை கட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவன் வேறு யார்? அவள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. 'நான் அதுக்கு வரல' என்று வாசலிலேயே சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாய் வரவில்லை. கூப்பிட்டதும் ஆட்டுக்குட்டி மாதிரி உள்ளே போனார்.

மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் புல்லில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் குதிரையை விரட்டிக்கொண்டிருந்தான். ஈனிட் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுத் தேநீர் கொண்டுவந்தாள். கடைசி மாதத்தில் கிளிஃபர்டால் ஊத முடியாமல் போனதையும், குழலின் வாய்ப்பகுதியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே படுத்திருந்ததையும் சொன்னாள். வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான் பார்ப்பார், எந்தக் காகிதம் எதற்கென்றே தனக்குப் புரிவதில்லை என்று அழுதாள். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்து, அவரோடு போய்விட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, புதிதாக வாங்க வழிகாட்டுவதும் வில்ஃப்ரட்டின் வேலைதான். அதற்குக்கூட வாய் திறக்கவில்லை மனுஷன். மாதச் சம்பளத்தில் கையிலிருந்ததையெல்லாம் எடுத்து, தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். தெருமுனைக்கு வந்ததும் அட்டையில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதினார்.

ஞாயிறு காலை ஒத்திகை முடிந்து எல்லோரும் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பேண்டு மாஸ்டர் நார்மன் ஹோல்ட் கோட்டும் டையுமாக, வசூல் டப்பாவோடு ஈனிட் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றார். அந்த நேரம் பார்த்து ஈனிட் உள்ளே வந்தாள். கையில் கிளிஃபர்டின் பேண்டு கோட்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணத்துக்கு நன்றி சொல்லிப் போகத்தான் வந்தாள். எல்லாரும் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள், வில்ஃப்ரட் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்றாள்.

நார்மன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், வில்ஃப்ரட்டைப் பார்த்தார். டப்பாவின் பூட்டு திறக்கப்படவே இல்லை. பிறகு டிரம் அடிக்கிறவர்தான், இது வில்ஃப்ரட்டின் சொந்தப் பணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். யாருக்கும் தெரியாமல் கொடுத்திருக்கிறான் பார் என்று முதுகில் தட்டினார். கை தட்ட ஆரம்பித்தார்கள். சில பேருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்படியே விட்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டால் ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். செத்தாலும் அந்த நல்ல பேர் போயிருக்காது. வில்ஃப்ரட் குனியத்தான் பார்த்தார். ஆனால் ஈனிட் கிட்டே வந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். நீ கூச்ச சுபாவம், ஆனால் தங்கமான மனுஷன் என்று கிளிஃபர்ட் எப்போதும் சொல்வார் என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் பணம் குடுக்க வரல, ஈனிட்," என்றார். "லைசென்ஸ் இருக்கான்னு பாக்க வந்தேன். என் வேலையே அதுதான். நீ உள்ள கூப்பிட்டதும் சொல்லத் தைரியம் வரல."

கைதட்டல் நின்றது. டிரம்காரர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். யாராவது காறித் துப்பியிருந்தால்கூட வில்ஃப்ரட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் தங்களோடு உட்கார்ந்து சிரித்த ஆளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

ஈனிட்டுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பணத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அபராதம் வருமா என்றும் கேட்கவில்லை.

"அப்போ, நான் அவரப் பத்திச் சொல்லி அழுதுக்கிட்டிருந்தேனே," என்றாள் மெதுவாக, "நீ டிவியவா பாத்துக்கிட்டிருந்த?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் போனது மூலைக்குத்தான். கலரா, கறுப்பு வெள்ளையா, ஏரியல் கம்பி எங்கே போகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்திருந்தார். அவள் அழுகிற போதும் ஒரு தடவை பார்த்தார். அது அவருக்கே அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"ஆமா," என்றார்.

ஈனிட் கோட்டை நார்மன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.