பேனர் கட்டிய பாட்டு அறை

பாட்டு சொல்லிக்கொடுக்கத் தொண்டை இருந்தால் போதும் என்பதெல்லாம் அந்தக் காலம். ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கச் சுவரும் ஒத்துழைக்க வேண்டும். இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அல்லல்படும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பென் டிரைவ்

ஆலை வாசலிலும் தெருமுனையிலும் தொழிற்சங்கத்துக்காகப் பாடிய குழுவில் நான்தான் முதல் குரல். நான் ஓர் அடி பாடுவேன். பின்னால் நிற்கும் கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். அப்படித் திரும்பி வரும் குரலுக்காகவே தடியடி வாங்கினேன், போலீஸ் லாரியில் ஏறினேன். துண்டுப் பிரசுரங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு.

போன வருடம் மன்னார்புரத்தில் கூட்டம் என்று கேள்விப்பட்டு, எத்தனை மணிக்குப் பாட வரவேண்டும் என்று சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவன், மேடையில் பேச நான் பழக்கிவிட்ட தம்பி. "பாட்டெல்லாம் பென் டிரைவ்ல இருக்குக்கா. நீங்க வந்து முன்வரிசையில உக்காருங்க."

சுவர்

நான் போகவில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் மாடி அறையிலேயே, போனில் வீடியோ வழியாகப் பாட்டு வகுப்பு தொடங்கினேன். புத்தூர் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் செல்வி, குவைத்தில் வண்டி ஓட்டும் சுலைமான், இன்னும் சிலர் சேர்ந்தார்கள். சாமான் அதிகமில்லாத அறை. பாடினால் நாலு சுவரும் கூடவே பாடின. துணி தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும் என்றார்கள். என்னிடம் இருந்த துணி ஊர்வல பேனர்கள்தான். பரணிலிருந்து இறக்கி, சுவர் தெரியாமல் கட்டினேன்.

அடுத்த வகுப்பில் செல்வி என் தலைக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பின்னாடி 'கூலியை உயர்த்து'ன்னு போட்டிருக்கே, ஃபீஸ் ஏத்தப் போறீங்களா?"

ஜன்னல்

மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரலைப் போன் தாங்கவில்லை; கரகரவென்று இரைந்தது. மேசையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து வாசற்படிக்கு என்று போனைத் தள்ளிக்கொண்டே போனேன்.

கீழே இருக்கும் வீட்டுக்கார மாமி மாடிப்படி ஏறி வந்தார். பாசுரம் தவிர வேறு எதுவும் பாடாதவர். கடவுள் விஷயத்தில் எங்களுக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாரானேன். அவர் கையில் என் தொண்டைக்கு மிளகு போட்ட பால். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: "ஏன் தோழரே, குவைத்துக்குப் போன் எதுக்கு? ஜன்னலைத் திறந்து வெச்சாலே போறுமே."

மியூட்

இது உங்களுக்கும் நடந்திருக்கும். ஆன்லைனில் எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்கிறது. பாட்டு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. அதனால் நான் பாடும்போது எல்லோரும் மியூட்டில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். பிறகு ஒவ்வொருவராகப் பாடச் சொல்லித் திருத்துவேன். பாட்டு தேறியது. ஆனால் நான் ஓர் அடி பாடி நிறுத்தினால், எதிரே உதடுகள் மட்டும் அசைந்தன. திரும்பி வரும் குரல் இல்லாமல் எத்தனை நாள் பேனருக்கே பாடுவது? மாதக் கடைசியோடு வகுப்பை நிறுத்திவிட முடிவு செய்தேன்.

அதைச் சொல்வதற்கென்று உட்கார்ந்த வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு பாட்டு எடுத்தேன். சுலைமானின் அம்மா பீடி சுற்றிக்கொண்டே பாடிய, எங்கள் குழுவின் பாட்டு. அதைச் சரியாகப் பாடத்தான் அவன் வகுப்பில் சேர்ந்ததே. முதல் அடி பாடி நிறுத்தினேன். கொஞ்சம் பிந்தி, போனுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே அதைத் திருப்பிப் பாடியது. சுருதி என்று ஒன்றும் இல்லை. ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, யாரோ சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டார்கள். சுலைமான் மியூட் போட மறந்திருந்தான்.

யாரப்பா அதெல்லாம் என்று கேட்டேன். கோபம் என்று நினைத்து அவன் அவசரமாகப் பட்டனைத் தேடினான். வேண்டாம், அப்படியே விடு என்றேன்.

"ரூம்ல என்கூடத் தங்கியிருக்கறவங்கதாம்மா. மொத நாள்லேர்ந்தே நீங்க பாடுறப்பல்லாம் கூடத்தான் பாடுறாங்க. நீங்கதான் மியூட்ல போடச் சொன்னீங்க."

எத்தனையோ தடியடிக்கும் வாயை மூடாத நான், ஒரு ரூம் நிறைய ஆட்களின் வாயை மாதக்கணக்கில் மூடிவைத்திருந்து, கடைசியில் ஒரு டிரைவரின் மறதியிடம் சந்தோஷமாகத் தோற்றேன்.