ஆரோக்கியம் வாங்கப் பார்த்த பேங்க்

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் ஒரு காலை, எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கவாத்து வெட்டுகிற ஆரோக்கியம் ஓடி வந்து, "டிரைவரண்ணே, நான் பேங்க் முதலாளி ஆகப் போறேன்லா" என்றான். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரையின் காரை ஐந்து வருஷம் ஓட்டியவன். பின் சீட்டில் ஷேர், போண்ட் என்று அவர் பேசியதெல்லாம் என் காதில்தான் விழும். புரியாததைக் கேட்டும் விடுவேன். கேமரன் மலையில் அன்றைக்கு என்னைப்போல இதை விளங்கிக்கொண்ட தமிழன் எவனும் கிடையாது. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை தப்பி ஓடியபோது ஆபீஸில் இரண்டு தாள்களை விட்டுப் போனார். இரண்டும் ஒரு பெரிய பேங்குடையவை. ஒன்று ஷேர், துரை பேர் போட்டது. மற்றது போண்ட், பேரே இல்லாதது. இரண்டும் துரை சொத்து. ஆனால் எங்கள் கிராணி, ஷேர் தாளில் ஆரோக்கியத்தின் பேரை எழுதித் தருவதாகவும், பதிலுக்கு அவனுடைய மரவள்ளித் தோட்டம் வேண்டும் என்றும் பேசி முடித்திருந்தார். அரிசி போதாத நேரம். லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கிழங்குதான் அவன் பெண்டாட்டி ஞானம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு.

"போண்டைக் கேட்டியா?" என்றேன்.

"பேரில்லாத தாளை எவன்ணே மதிப்பான்? எஸ்டேட்ல பேர் இருந்தாத்தானே அரிசியே தருவான்!"

"மடையா! பேர் பதியிற செக்ரோல் புத்தகத்துல பேரில்லாம, ஒரு துண்டுல உன் பேரை எழுதிட்டுப் போனா சம்பளம் தருவானா? பேங்குக்கும் ஒரு செக்ரோல் இருக்கு. அதுல இருக்கிறது துரை பேரு."

ஷேர் என்றால் பேங்கில் ஒரு துளி சொந்தம். அப்படிச் சொந்தக்காரர்கள் ஆயிரம் பேர். லாபம் இல்லாவிட்டால் பேங்க்காரன் கையை விரித்துவிடுவான் என்றேன். போண்ட் என்றால் பேங்குக்கு நாம் கொடுத்த கடன். லாபமோ நட்டமோ, சொன்ன வட்டி தர வேண்டும். அதிலும் பேரில்லாத போண்ட் என்றால், தாள் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே பணம். பேங்க் முழுகினால் கடன் கொடுத்தவன் வரிசையில் முன்னால், சொந்தக்காரன் கடைசியில் என்றேன். மூன்று தடவை சொன்னேன்.

"அப்ப பேங்க்ல எனக்கு மேசை போடுவானாண்ணே?"

அவனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். "கிராணி ஐயா, பேர் போட்டதை நீங்களே வச்சிக்கிங்க. பேரில்லாததை இவனுக்குக் குடுங்க."

கிராணி போண்டைச் சட்டென்று மேசைக்குள் தள்ளினார். "கார் ஓட்டுறவனுக்கு பேங்க் வெவகாரம் எதுக்கு?"

"பார்த்தியாடா, எதை ஒளிக்கிறாருன்னு?" என்றேன்.

ஆரோக்கியம் ஷேர் தாளின் சிவப்பு முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னா அழகுண்ணே!"

நல்லவேளை, விஷயம் கேள்விப்பட்டு ஞானம்மா சங்கூல் மண்வெட்டியும் கையுமாய் வந்துவிட்டாள், அதில் ஒட்டிய மண் கூட உதிரவில்லை. "கெழங்கு நட்டவ நானு. அந்தத் தாளை அவிச்சா வேகுமா, கிராணி ஐயா?"

கிராணி ஷேரையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

தம்பிகளே, பேங்க் தாள் எதையும் தொடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் சொந்தக்காரனா, கடன் கொடுத்தவனா? அவர்கள் புத்தகத்தில் யார் பேர்? இதற்குப் படிப்பு வேண்டாம். ஆனால் நன்றியை எதிர்பார்க்காதீர்கள். ஆரோக்கியம் சாகிறவரைக்கும் பிரிஞ்சாங் டவுன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "இந்த டிரைவரண்ணன் மட்டும் குறுக்க வரலன்னா நான் இன்னைக்கு பேங்க் முதலாளி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கிழங்கைத் தின்று வளர்ந்த மூன்று பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்கள்.